சுருட்டுக் கணக்கை வெட்டாதீர்கள்: அறிவியல் புனைகதைத் தொகுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொகுப்பாசிரியர்களுக்கும், முன்னுரை எழுதுபவர்களுக்கும், பட்டறைகளில் அறிவியல் புனைகதை வரலாறு சொல்லித்தருபவர்களுக்கும்,

வணக்கம். நான் எழுத்தாளர் இல்லை. முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவள். உங்கள் தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்கி, முன்னுரையிலிருந்து பின்னட்டை வரை படிக்கிற ஆள். அந்த உரிமையில்தான், 'சுல்தானாவின் கனவு' என்ற கதைக்காக இந்த மடல். தலைப்பில் உள்ள சுருட்டுக் கணக்கும் அந்தக் கதையில் வருவதுதான்.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு நூலக விழாவுக்கு அறிவியல் புனைகதை பற்றிப் பேசச் சொன்னார்கள். உங்களைப் போன்றவர்கள் எழுதிய முன்னுரைகளைப் படித்துத்தான் தயார் செய்தேன். ஜூல்ஸ் வெர்ன், எச்.ஜி.வெல்ஸ், அப்புறம் அமெரிக்கப் பத்திரிகைகள், அப்படியே ஒரே தாவலில் சுஜாதா. பேசி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "எங்கள மாதிரி யாரும் எழுதலையா மிஸ்?" என்று கேட்டாள். "அந்தக் காலத்துல பொண்ணுங்களுக்குப் படிப்பே இல்லையேம்மா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல்கூட அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஆனால் என்னை இன்றைக்கும் உறுத்துவது அது இல்லை. அவள் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் 1905ஆம் ஆண்டிலேயே, இதே சென்னையிலிருந்து வந்த ஒரு பத்திரிகையில் அச்சாகியிருந்தது. பதில் சொல்ல வேண்டிய எனக்குத்தான் அது தெரியவில்லை.

பத்திரிகையின் பெயர் 'தி இந்தியன் லேடீஸ் மேகஸின்'. கமலா சத்தியநாதன் என்பவர் 1901இல் மதராஸில் தொடங்கி நடத்திய ஆங்கில மாத இதழ். கதையின் பெயர் 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். பேகம் ரொக்கேயா என்றால் வங்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நம் ஊரில் ருக்கையா என்று வைக்கிறோமே, அதே பெயர்தான். தமிழில் ரொக்கையா, ரோகேயா, ருகையா என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாரும் அதையே எழுதினால் தேடுகிறவர்களுக்காவது கிடைப்பார்.

இவரை நீங்கள் அடியோடு மறந்துவிட்டீர்கள் என்று சொல்லவில்லை. பெண்ணியம் பற்றிய கட்டுரைகளில் வருகிறார். முஸ்லிம் பெண் கல்வி பற்றிப் பேசும்போது வருகிறார். அறிவியல் புனைகதை என்று வரும்போதுதான், நான் படித்த முன்னுரைகளில், "பெண்களும் எழுதியிருக்கிறார்கள்" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் போய்விடுகிறார். அது தப்பு என்பதுதான் என் வாதம். அவர் இருக்க வேண்டிய இடம் முதல் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதை. அந்தப்புரத்து நாற்காலியில் சாய்ந்தபடி இந்தியப் பெண்களின் நிலையை யோசித்துக்கொண்டிருக்கும் சுல்தானா, சாரா என்ற தோழியோடு உலாவப் போகிறாள். போய்ச் சேர்கிற இடம் பெண்கள் நாடு. தெருவில் ஒரு ஆண் இல்லை. சுல்தானா கூச்சத்தோடு நடப்பதைப் பார்த்துப் போகிற வருகிற பெண்கள் கிண்டல் செய்கிறார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், "ஆம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்கிறார்களாம். அந்த ஊரில் ஆம்பிளை என்றால் கூச்ச சுபாவம், பயந்தாங்கொள்ளி என்று பொருள். ஆண்கள் எல்லாரும் 'மர்தானா' என்கிற ஆண்களுக்கான அந்தப்புரத்துக்குள் இருந்துகொண்டு சமைக்கிறார்கள், பிள்ளை பார்த்துக்கொள்கிறார்கள்.

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் இது தலைகீழாக்கிச் சிரிக்க வைக்கும் கதை. பலரும் இதோடுதான் நிறுத்துகிறார்கள். ஆனால் ரொக்கேயா அடுத்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்: இந்த மாற்றம் எப்படி நடந்தது? பெண்கள் நாட்டு அரசி பெண்களுக்குப் பள்ளிகளைத் திறக்கிறாள். இருபத்தோரு வயதுக்கு முன் கல்யாணம் கூடாது என்று சட்டம் போடுகிறாள். பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள் வருகின்றன. ஒன்று மேகத்துக்கு மேலே ஒரு பலூனை மிதக்கவிட்டு, குழாய் பொருத்தி, வேண்டிய தண்ணீரை வானத்திலிருந்தே இறக்கிக்கொள்கிறது. இன்னொன்று, தன் பங்குக்கு, சூரிய வெப்பத்தைச் சேகரித்து வைக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறது. இதையெல்லாம் பார்த்த ஆண்கள், உணர்ச்சிவசப்பட்டவர்களின் கெட்ட கனவு என்று நக்கல் செய்துவிட்டுப் படை திரட்டப் போய்விடுகிறார்கள்.

பிறகு போர் வருகிறது. அடைக்கலம் தேடி வந்தவர்களை அரசி திருப்பி அனுப்ப மறுத்ததால் வந்த போர் அது. ஆண்கள் தோற்று ஓய்ந்த பிறகு, பல்கலைக்கழகத் தலைவி இரண்டாயிரம் மாணவிகளோடு புறப்பட்டுப் போய், சேர்த்து வைத்திருந்த வெயிலை எதிரிகள் மேல் திருப்புகிறாள். சூடு தாங்காமல் எதிரி ஓடுகிறான். அவன் விட்டுப்போன ஆயுதங்களையும் அதே வெயில் எரித்துவிடுகிறது. மாணவிகள் படை கிளம்பும் முன், பர்தாவுக்காக ஆண்கள் எல்லாரும் உள்ளே போய்விட வேண்டும் என்று தலைவி கேட்க, அரசியும் ஆணையிட, களைத்துப்போன ஆண்கள் மறுப்புச் சொல்லாமல் உள்ளே போனவர்கள்தான். அப்புறம் வெளியே வரவில்லை.

அறிவியலைக் கழற்றி எடுத்துவிட்டால் இந்தக் கதை நிற்காது என்பதைக் கவனியுங்கள். ஆட்சி மாறியதற்குக் காரணம் ஆய்வுக்கூடம். வீரமோ அற்புதமோ தெய்வ வரமோ இல்லை. அறிவியல் புனைகதைக்கு நீங்களே வகுப்பு எடுக்கும்போது சொல்கிற இலக்கணம் இதுதானே?

இந்த வெயில் சமாச்சாரம் வெறும் கற்பனையில் முளைத்தது என்றும் நினைக்க வேண்டாம். பிரான்சில் மூஷோ என்பவர் 1878இல் பாரிஸ் கண்காட்சியில் சூரிய எந்திரத்தைக் காட்டினார். அதே 1878இல் வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், வெப்ப நாடுகளில் எரிபொருளுக்குப் பதில் வெயிலைப் பயன்படுத்தலாம் என்று பம்பாயிலேயே புத்தகம் போட்டார். கண்ணாடிகளை அடுக்கி நீராவி எந்திரம் ஓட்டினார், சூரிய அடுப்பும் செய்தார். இதெல்லாம் இருந்த நாட்டில்தான் ரொக்கேயா எழுதினார். அவர் செய்தது இன்னொன்று: அந்த வெயிலைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். கரி இல்லை, புகை இல்லை, புகைபோக்கி இல்லை. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று சுல்தானா கேட்க, சாரா ஒரு குழாயைக் காட்டி, வெயில் இதன் வழியே வருகிறது என்று சொல்லி, அங்கேயே எதையோ சமைத்தும் காட்டுகிறாள். எதிரியை விரட்டிய அதே வெப்பம் இங்கே சோறு வடிக்கிறது. விறகடுப்பை ஊதி ஊதி இருமிய ஒரு வீட்டில் வளர்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வெல்ஸ் எழுதிய எந்த எந்திரமும் என்னை இப்படி நிமிர்ந்து உட்கார வைத்ததில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறேன், இயற்பியல் ஆசிரியை சும்மா இருக்க முடியாது. கதையில் சாரா ஒரு சதுரப் பலகையில் இரண்டு இருக்கைகளைத் திருகி மாட்டி, பளபளப்பான இரண்டு ஹைட்ரஜன் பந்துகளைப் பொருத்தி, மின்சாரத்தில் இயங்கும் இரண்டு இறக்கைகளையும் சேர்த்துப் பறக்கிறாள். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1.1 கிலோவைத்தான் தூக்கும். இரண்டு பெண்களையும் பலகையையும் சேர்த்து 110 கிலோ என்று வைத்தால், பந்து ஒவ்வொன்றும் நாலரை மீட்டருக்கு மேல் விட்டம் இருக்க வேண்டும். அதை ஒரு ஆள் எடுத்து மாட்ட முடியாது. ஆனால் எடைக்குத் தக்கபடி வேறு வேறு கொள்ளளவில் பந்து வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர் எழுதியது அது. ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரம்.

பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர் என்றேன். ரொக்கேயா 1880இல் ரங்பூர் பக்கம் பைராபந்த் கிராமத்தில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. வீட்டில் பெண்களுக்கு வங்காளியோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுக்கிற வழக்கம் கிடையாது. அண்ணன் இப்ராகிம் சாபர், வீடு தூங்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் தங்கைக்குப் பாடம் சொன்னார். அக்கா கரீமுன்னிசாவும் துணை. ஐந்து வயதிலிருந்தே, வெளியிலிருந்து வரும் பெண்கள் கண்ணில்கூடப் படாமல் ஓடி ஒளிய வேண்டியிருந்தது என்று ரொக்கேயாவே எழுதியிருக்கிறார். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று ஒளிந்த குழந்தை அது.

கல்யாணம் ஆகிப் பீகாரில் பாகல்பூருக்குப் போனார். கணவர் சையது சகாவத் ஹுசைன் டெப்டி மாஜிஸ்திரேட். அவர் முகாமுக்குப் போயிருந்த இரண்டு நாளில் பொழுது போகாமல் எழுதியதுதான் இந்தக் கதையாம். திரும்பி வந்தவர் என்ன செய்தாய் என்று கேட்க, காகிதத்தை நீட்டியிருக்கிறார். மனிதர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றாராம். ஆண்களை அடைத்துப் போட்டதால் எங்களுக்கு போலீசும் வேண்டாம், மாஜிஸ்திரேட்டும் வேண்டாம் என்று கதையில் சாரா சொல்கிற இடத்தை அவர் எந்த முகத்தோடு படித்திருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனாலும் நல்ல மனிதர். கதையைத் திருத்தித் தரச் சொல்லி பாகல்பூர் கமிஷனருக்கு அனுப்பினார். அந்த வெள்ளைக்காரர் ஒன்றையும் திருத்தாமல், வருங்காலத்தில் நாம் காற்றில் எப்படிப் போவோம் என்று இவர் முன்கூட்டியே சொல்லிவிட்டாரோ என்று வியந்து திருப்பி அனுப்பினார்.

1908இல் கல்கத்தாவில் அது புத்தகமாக வந்தது. பின்னால் ரொக்கேயாவே வங்காளியிலும் எழுதி, 1922இல் வந்த 'மோதிசூர்' என்ற தன் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் சேர்த்தார். ஆகவே மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வங்காளி தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் இரண்டு மொழியில் எழுதிய கதை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

1909இல் கணவர் இறந்தார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் ஒதுக்கி வைத்த பணத்தில் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு ஒரு பள்ளி தொடங்கினார். சொத்துத் தகராறு வந்ததும் ஊரை விட்டு வெளியேறி, 1911 மார்ச்சில் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடியும் ஆரம்பித்தார். சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி. கொல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.

இந்தப் பள்ளியின் பேருந்து பற்றி நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். கதையில் பறக்கும் வண்டியைப் படைத்தவருக்கு நிஜத்தில் கிடைத்த வண்டி எப்படி இருந்தது தெரியுமா? முன்னும் பின்னும் சின்னதாக ஒரு வலை, மற்றபடி காற்றே புகாத பெட்டி. முதல் நாளே பிள்ளைகள் உள்ளே புழுங்கி வாந்தியெடுத்தார்கள், மயங்கினார்கள். ஓர் ஆங்கிலேயத் தோழி அதைப் பார்த்துவிட்டு, நகரும் இருட்டறை என்றார். 1756இல் ஆங்கிலேயக் கைதிகள் சின்ன அறையில் அடைபட்டு மூச்சுமுட்டி இறந்ததாகச் சொல்லும் கல்கத்தா இருட்டறைக் கதையை மனதில் வைத்துச் சொன்னது. சரி என்று ஜன்னலைத் திறந்து திரை கட்டினார் ரொக்கேயா. ஓடும்போது திரை காற்றில் பறக்கிறது, இது பர்தா இல்லாத வண்டி என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. கையெழுத்து: 'இஸ்லாமியச் சகோதரர்கள்'. ஆகாயத்தில் சுல்தானாவைப் பறக்கவிட்டவர், தரையில் ஒரு முழத் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவர் 1931இல் வந்த 'அவரோத்பாசினி' (அடைபட்ட பெண்கள்) நூலில் நாற்பத்தேழு துணுக்குகளாக எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்து நடுவில் புத்தகத்தை மூடி வைக்க வேண்டிவரும். கியூல் ரயில் சந்திப்பில் ரயில் மாறும்போது, புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்த ஒரு பெண் வருகிறாள். கணவருக்கு உறவுக்காரி. ஆண்கள் யாரும் பீபியைத் தொடக் கூடாது என்று வேலைக்காரி கத்த, தூக்கிவிட ஓடிவந்தவர்கள் நின்றுவிடுகிறார்கள். வேலைக்காரி ஒருத்தியால் தூக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்த ரயில் கிளம்பிவிடுகிறது. ரொக்கேயா அதைச் செய்தி சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த துணுக்குக்குப் போய்விடுவார்.

இந்த நூலுக்குப் பிறகு 'சுல்தானாவின் கனவை' மறுபடி எடுத்துப் படித்தேன். பெண்கள் நாட்டில் தெரு இருக்கிறதே, பாசியும் பூவுமாகக் கம்பளம் விரித்தாற்போல, சுல்தானா மிதிக்கவே தயங்குகிற தெரு. ஆபத்தே இல்லாமல் நடக்கலாம் என்று சாரா சொல்கிறாள். முதல் தடவை அதை அழகான வருணனை என்று தாண்டிப் போயிருந்தேன்.

கதையில் எனக்கு ஒட்டாததும் உண்டு. ஒரு பாதிப் பேரை அடைத்து வைத்து மறுபாதி சுகமாக இருப்பது தீர்வா என்று வகுப்பில் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். கேட்கட்டும். நிலத்தை மின்சாரம் உழுகிறது என்று சொல்லிவிடுவதால், உழைக்கிறவர்கள் யார் என்ற கேள்வியே அதில் எழுவதில்லை. ஜமீன் வீட்டுக் கனவு என்பது அங்கே தெரிகிறது. ரொக்கேயாவே அதோடு நிற்கவில்லை என்பது என் கணிப்பு. 1924இல் வந்த 'பத்மராக்' நாவலில் எந்திரம் இல்லை, அரசி இல்லை. தாரிணி பவன் என்று ஒரு விடுதி. பிரம்ம சமாஜத்து விதவை ஒருத்தி நடத்துகிறாள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள் ஒன்றாக இருந்து பள்ளி நடத்துகிறார்கள், தையல் வேலை செய்கிறார்கள், நோயாளிகளைப் பார்க்கிறார்கள். நாயகி கடைசியில் கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பெண்கள் நாட்டை, பள்ளி நடத்திக் களைத்த ஒருவர் மறுபடி எழுதினால் இப்படித்தான் வரும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் தொகுப்புக்கு எவ்வளவு கனம் கிடைக்கும் என்று யோசியுங்கள்.

செல்வாக்கு என்று கேட்பீர்கள். பெண்கள் மட்டும் வாழும் நாடு என்றதும் அமெரிக்காவின் சார்லட் பெர்கின்ஸ் கில்மனைச் சொல்வது வழக்கம். அவருடைய நாவல் வந்தது 1915இல், பத்து வருடம் பின்னால். ரொக்கேயாவை அவர் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. யார் முன்னால் என்ற வரிசையைச் சரியாகச் சொல்லுங்கள், போதும். வங்காளதேசத்தில் டிசம்பர் 9 ரொக்கேயா நாள். அவர் பிறந்த தேதியும் அதுதான், 1932இல் இறந்த தேதியும் அதுதான். முந்தைய இரவுகூடப் பெண் உரிமை பற்றிய கட்டுரை ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார், முடிக்கவில்லை. ரங்பூரில் அவர் பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கோண்டு ஓவியர் துர்காபாய் வரைந்த படங்களோடு இந்தக் கதையைச் சென்னைப் பதிப்பகமான தாரா புக்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. ஸ்பெயினில் 2023இல் இதை வைத்து ஓர் அனிமேஷன் படம் எடுத்தார்கள். 2024இல் மங்கோலியாவில் நடந்த கூட்டத்தில், யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார நினைவுப் பதிவேட்டில் கதை இடம்பெற்றது. மதராஸ் பத்திரிகை ஒன்றில் வந்த கதைக்கு மங்கோலியா வரை போய் மரியாதை வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். எனக்கு அது சின்னது இல்லை. பெண்கள் நாட்டில் வேலை நேரம் தினம் இரண்டு மணிதான். எங்கள் ஊரில் ஆண்கள் ஏழு மணி நேரம் உழைக்கிறார்களே என்று சுல்தானா கேட்கிறாள். சாரா கணக்குப் போடுகிறாள்: ஒரு சுருட்டு எரிய அரை மணி நேரம், ஒருவர் தினம் பன்னிரண்டு சுருட்டுப் பிடித்தால், ஆறு மணி நேரம் புகையிலேயே போய்விடுகிறது. ரொக்கேயா ஆங்கிலத்தில் எழுதிய சொல் 'சொரூட்'. நம்முடைய சுருட்டு ஆங்கிலத்துக்குப் போய் அடைந்த உருவம் அது. ரங்பூரில் பிறந்த ஒரு பெண் பாகல்பூரில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிய கதைக்குள் நம் சொல் ஒன்று புகைந்துகொண்டிருக்கிறது. மாணவர் பதிப்பு, சுருக்கப் பதிப்பு என்று வரும்போது முதலில் கத்திரி விழுவது இந்த மாதிரி இடங்களில்தான். புகைபிடித்தல் பற்றிப் பிள்ளைகளுக்கு எதற்கு என்பார்கள்.

அடுத்த தொகுப்புக்கு வேலை தொடங்கும்போது 'சுல்தானாவின் கனவை' வெட்டாமல், முதல் கதையாகப் போடுங்கள். கீழே, 1905, மதராஸ் என்று குறிப்பிடுங்கள். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், சம்பளம் வேண்டாம். சாராவின் கணக்கில் பன்னிரண்டு சுருட்டும் பத்திரமாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். புத்தகம் வந்ததும் எனக்கு இரண்டு பிரதி வேண்டும். ஒன்று அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருத்தி